காத்து கொஞ்சம் கம்மியா இருக்கட்டுமே!

எங்க அபார்ட்மெண்ட் கீழ்த்தளத்துல, ஜெனரேட்டருக்குப் பக்கத்துல, சைக்கிள் நிறுத்த ஒரு மூலை ஒதுக்கியிருக்காங்க. போன ஞாயித்துக்கிழமை தண்ணி மோட்டார் ரிப்பேர்னு கீழ நின்னுக்கிட்டிருந்தப்ப, வேலைவெட்டி இல்லாம எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 31 சைக்கிள். டயர்ல காத்து இருந்தது ஆறே ஆறு. மீதி 25ம் தூசி மண்டி, சீட்டு மேல பூனை படுத்துத் தூங்கற கதியில கிடக்கு. ஒண்ணுல இன்னும் கடைக்காரர் சுத்தின பிளாஸ்டிக் கவரே பிரிக்கலை.

"எல்லாம் சோம்பேறித்தனம் சார்"ன்னு தீர்ப்பு சொல்லிட்டார் அசோசியேஷன் செயலாளர். வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட சொன்னேன். "ஜனவரி ஒண்ணாந்தேதி வாங்கியிருப்பாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

எனக்கு என்னமோ அப்படித் தோணலை. சோம்பேறித்தனம், வெயில், ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி எல்லாம் உண்டுதான். ஆனா அந்த 25ல பாதிக்கு மேல செத்தது டயரால. ஒல்லி டயர், அதுல கல்லு மாதிரி காத்து. நாலு நாள் ஓட்டினவனுக்கு கை மரத்துப் போகும், அஞ்சாம் நாள் முதுகு பிடிக்கும், ஆறாம் நாள் பைக் சாவியைத் தேடுவான். சைக்கிள் தனக்கு ஒத்துவரலைன்னு நினைச்சுக்குவானே தவிர, டயர் மேல சந்தேகமே வராது.

இதான் இந்தப் பதிவோட மேட்டர். ஆட்டோ அனுப்பறதா இருந்தா முழுசா படிச்சுட்டு அனுப்புங்க :-)

முதல்ல ஒரு கொசுவத்தி

எங்க அப்பா செங்கல்பட்டுல இருந்தப்ப ஒரு பெரிய சைக்கிள் வெச்சிருந்தார். கறுப்பு கலர், கம்பி பிரேக்கு, டைனமோ, பின்னாடி மூட்டை கட்டற கேரியர், முன்னாடி பார்ல எனக்கு ஒரு குட்டி சீட்டு. 28×1½ டயர். இன்னைக்குக் கணக்குல சொன்னா 40 மில்லிமீட்டர் அகலம். டயர் பக்கவாட்டுல 40-635ன்னு அச்சடிச்சிருப்பான். முதல் நம்பர் டயர் அகலம், ரெண்டாவது டயர் உக்கார்ற இடத்துல ரிம்மோட விட்டம். ரெண்டுமே மில்லிமீட்டர்ல. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், கடையில யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

அந்த வண்டியில முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. பின்னாடிதான் மூட்டை ஏறும்னு தெரிஞ்சு செஞ்ச கணக்கு அது. ரிம்மும் நல்ல அகலம். பிரேக் கட்டை ரிம்மோட பக்கத்துல அழுத்தாது, போக்ஸ் கம்பி நுழையற உள்பக்கம் அழுத்தும். எடை? ரெண்டாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போனீங்கன்னா அன்னைக்கு வேற உடற்பயிற்சி தேவையில்லை.

ஆனா அந்த சைக்கிள்ல அப்பா அரிசி மூட்டையோட என்னையும் வெச்சு, கொளவாய் ஏரிக்கரை ஓரம் கப்பிக் கல்லு ரோட்டுல மிதிச்சிருக்கார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டதா ஞாபகமே இல்லை. பல நாள் பார்லயே தூங்கியிருக்கேன்.

2019ல அப்பா எங்களோட பொத்தேரிக்கு வந்துட்டார். செங்கல்பட்டு வீட்டைக் காலி பண்ணினப்ப அந்த சைக்கிளைப் பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போட்டது நான்தான். முன்னூத்திச் சொச்சம் ரூபாய் கொடுத்தார். அப்பா ஒண்ணும் சொல்லலை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரேன்.

நான் கெட்ட கதை

2012ல எனக்கு சைக்கிள் கிறுக்கு பிடிச்சது. அலுவலகத்துல நாலு பேர் ரோடு பைக் வாங்கினாங்க, நானும் வாங்கினேன். வளைஞ்ச ஹேண்டில்பார், 700×23 டயர். கடைக்காரர், "சார், ஒல்லியா இருந்தா ரோட்டோட உரசல் கம்மி, வேகம் ஜாஸ்தி. காத்து மட்டும் 110 பி.எஸ்.ஐ. வெச்சுக்குங்க"ன்னார். 23 மில்லிமீட்டர்னா நம்ம கட்டைவிரல் அகலம். அப்பா சைக்கிள் டயர்ல பாதிக்குக் கொஞ்சம் மேல. பார்க்கவே சும்மா சீறிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி அதை ஹால்லயே நிறுத்தி வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். தங்கமணி முறைச்சது தனிக்கதை.

முதல் பெரிய பயணம் மாமல்லபுரம். காலைல நாலரைக்குக் கிளம்பி காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோடு. அங்கேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா கடற்கரை. போக மட்டும் சுமார் 45 கிலோமீட்டர். நல்ல தார் ரோட்டுல பறந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ரோடு எங்க தொடர்ந்து நல்லா இருக்கு? வேகத்தடைக்கு முன்னாடி வெள்ளைக் கோடு கோடா போட்டிருப்பாங்களே, அது ஒவ்வொண்ணும் முழங்கை வழியா மண்டைக்குள்ள வந்து தட்டிட்டுப் போகும். பாலத்து இணைப்புல இடுப்பு. கேபிள் புதைச்சுட்டு மேல ஒட்டுப்போட்ட இடத்துல பல்லு.

கடற்கரைக் கோயில் பக்கம் போய்ச் சேர்ந்து டீ குடிச்சுட்டு காசு எடுக்கறேன், சுண்டுவிரலும் மோதிர விரலும் ரெண்டு கையிலயும் யாரோட விரலோ மாதிரி இருக்கு. பத்து ரூபாய்த் தாளைப் பிரிக்க முடியலை. திரும்பி வரும்போது அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்னு கையை உதறி உதறி வந்தேன். மூணு நாள் விரல் சரியாகலை. ஆனாலும் பாருங்க, "இன்னும் பழகலை, பழகினா சரியாயிடும்"னுதான் நினைச்சேன்.

பழகலை. ரெண்டு மாசத்துல வாரம் ஒரு தடவைன்னு ஆச்சு, அப்புறம் மாசம் ஒரு தடவை, அப்புறம் பூனை.

ரப்பர் வேலை செய்ய வேணாமா சார்?

பொத்தேரி ஸ்டேஷன் பக்கம் மரத்தடியில ஒரு அண்ணன் சைக்கிள் கடை வெச்சிருந்தார். கடைன்னா ஒரு மரப்பெட்டி, ஒரு காத்து பம்பு, பஞ்சர் பார்க்க தண்ணி ஊத்தின பழைய பேசின், அவ்வளவுதான். பின் டயர் பஞ்சர் ஆகி அவர்கிட்ட போனேன்.

வால்வைப் பார்த்துட்டு, "இன்னா சார் இது, ஊசி மாதிரி கீது? நம்மகிட்ட வால்டியூப் போட்ற வண்டிதான் வரும்"னு சிரிச்சார். ஒட்டி முடிச்சதும் என் கைப்பம்பால நான் காத்து அடிக்க அடிக்கப் பார்த்துக்கிட்டே இருந்தவர், கட்டைவிரலால முன் டயரை அமுக்கிப் பார்த்தார். அமுங்கினாத்தானே.

"இது கட்டைவண்டிச் சக்கரம் சார். காத்து கொஞ்சம் கம்மியா இருக்கட்டுமே. ரப்பரு வேலை செய்ய வேணாமா?"

கேட்டேனா? கேட்டேன், ஆனா அரைகுறையா. 110ஐ 60க்கு இறக்கிட்டேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டறதுக்குள்ள ஒரு பள்ளத்துல 'டொக்'னு ஒரு சத்தம். டியூப்ல பக்கம் பக்கமா ரெண்டு ஓட்டை, பாம்பு கடிச்ச மாதிரி. டயர் முழுசா அமுங்கி, ரிம்மோட விளிம்புக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவுல டியூப் மாட்டி நசுங்கினா இப்படித்தான் ஆகும். இதுக்குப் பேரே பாம்புக்கடி பஞ்சர்தான்.

அப்பதான் உறைச்சது. அண்ணன் சொன்னது சரி, ஆனா அவர் கைவிரல் பழகினது 40 மில்லிமீட்டர் டயருக்கு. 23ல காத்தைக் குறைக்க இடமே கிடையாது. சொகுசு வேணும்னா காத்து குறையணும், காத்து குறையணும்னா டயர் அகலமாகணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கட்டிப்போட்ட மாடு.

கொஞ்சம் கணக்கு (பிடிக்காதவங்க தாண்டிப் போகலாம்)

நானும் வண்டியும் சேர்த்து சுமார் 87 கிலோ. அதுல 60 சதவீதம், அதாவது 52 கிலோ, பின் சக்கரத்துல இறங்குதுன்னு வெச்சுக்குங்க. 100 பி.எஸ்.ஐ.ங்கிறது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ அழுத்தம். 52ஐ 7ஆல வகுத்தா ஏழரை. அதாவது என் பின் டயர் ரோட்டைத் தொடற இடம் வெறும் ஏழரை சதுர சென்டிமீட்டர். பத்து ரூபாய் காசு இருக்கே, அதுல ஒண்ணேகால் காசு அளவு. காத்தை 50க்கு இறக்கினா அது 15 சதுர சென்டிமீட்டர் ஆயிடும். ரோட்டுல இருக்கற சின்னக் கல்லு, வெடிப்பு, ஒட்டு எல்லாத்தையும் அந்த இடமே உள்வாங்கிக்கும், வண்டி எகிறாது.

அகலம் கூடினா உள்ள இருக்கற காத்தோட அளவு அகலத்தோட வர்க்கத்துல கூடும். 23லேர்ந்து 32க்குப் போனா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 40க்குப் போனா மூணு மடங்கு. ரிம் அடிவாங்கறதுக்கு முன்னாடி அமுங்கறதுக்கு அவ்வளவு இடம் இருக்கு.

இன்னொண்ணு, பல பேர் தப்பு பண்ற இடம். அகல டயரைப் போட்டுட்டு பழைய அழுத்தத்தையே அடிக்கறது. டயர் துணி எவ்வளவு விறைப்பா நிக்குதுங்கிறது, அழுத்தத்தை அகலத்தால பெருக்கற கணக்கு. 25 மில்லிமீட்டர் டயர்ல 80 அடிச்சா என்ன விறைப்போ, அதே விறைப்பு 40 மில்லிமீட்டர் டயர்ல 50லேயே வந்துடும் (25×80 = 40×50). 40ல போய் 80 அடிச்சீங்கன்னா, காசு செலவு பண்ணி அகலக் கட்டைவண்டிச் சக்கரம் வாங்கினதுதான் மிச்சம்.

அப்ப வேகம்? கடைக்காரர் சொன்ன உரசல்? வழுவழு இரும்பு உருளை மேல ஓட்டிப் பார்த்தா, காத்து கூடக் கூட டயர் சுலபமா உருளும், உண்மைதான். ஆனா ரோடு உருளை இல்லையே. கரடுமுரடான இடத்துல விறைச்ச டயர் வண்டியையும் ஆளையும் தூக்கித் தூக்கிப் போடும். அப்படித் தூக்கிப் போடற சக்தி நீங்க மிதிச்ச மிதியிலேர்ந்துதான் போகுது. அமெரிக்காவுல யான் ஹைனேன்னு ஒருத்தர் தன்னோட 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' பத்திரிகைக்காக 2000களோட நடுவுலேர்ந்து இதை நிஜ ரோட்டுல சோதிச்சு எழுதிக்கிட்டு வந்தார். முதல்ல யாரும் நம்பலை. அப்புறம் என்ன ஆச்சு? 1990கள்ல 21, 23ன்னு ஓட்டிக்கிட்டிருந்த டூர் டி பிரான்ஸ் வீரர்கள் 25க்கு வந்தாங்க, இப்ப 28, 30ன்னு ஓட்டறாங்க. அவங்க சொகுசுக்காக மாறலை, வேகத்துக்காகவே மாறினாங்க.

நம்ம ஊர் பால்காரர் அரை நூற்றாண்டா 40ல போறார். அவருக்குப் பின்னாடி இவங்க மெதுவா வந்துக்கிட்டிருக்காங்க :-)

ரிம்முன்னு ஒண்ணு இருக்குய்யா

டயர் அகலத்தைப் பத்தி எல்லாரும் பேசறோம், ரிம்மை மறந்துடறோம். நானும் மறந்தேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

2016ல வண்டியைப் பூனைகிட்டேர்ந்து மீட்டேன். 23ஐக் கழட்டிட்டு 28 போட்டேன். என் பிரேக்குக்குள்ள அதுக்கு மேல நுழையாது. காத்தை 65க்கு இறக்கினேன். நேர் ரோட்டுல சொர்க்கம். அதே மாமல்லபுரம் பாதையில கிளம்பினேன், விரல் மரத்துப் போகலை. திருக்கழுக்குன்றத்துல மலையடிவாரம் சுத்தி வர்ற ஒரு வளைவுல கொஞ்சம் வேகமா சாய்ச்சேன். வண்டி ஒரு பக்கம் போகுது, டயர் ஒரு பக்கம் போகுது. அடியில சேறு இருக்கற மாதிரி ஒரு நெளிவு. விழலை. ஆனா வயித்துல புளி கரைஞ்சது நிஜம்.

காரணம் ரிம். என் பழைய ரிம்மோட உள் அகலம் 13 மில்லிமீட்டர். ஒல்லியான கால்ல பெரிய பானையை வெச்ச மாதிரி, டயர் மேல பெருத்து கீழ சிறுத்து பல்பு மாதிரி நின்னிருக்கு. காத்து நிறைய இருந்தா அந்த விறைப்புல நிக்கும், குறைச்சா ஆடும். எந்த ரிம்முக்கு எந்த டயர்னு வழக்கமா சொல்ற அளவு தோராயமா இது:

உள் அகலம் 13ன்னா: டயர் 18லேர்ந்து 25 வரைக்கும்
15ன்னா: 23லேர்ந்து 32
17ன்னா: 25லேர்ந்து 50 பக்கம்
19ன்னா: 28லேர்ந்து 60 பக்கம்

(உள் அகலம்னா ரெண்டு விளிம்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. வெளியில அளக்காதீங்க.)

கடைசியில 19 மில்லிமீட்டர் ரிம் வாங்கி, போக்ஸ் கம்பி கோர்த்து, கோட்டம் எடுத்து முடிக்கறதுக்குள்ள வண்டி விலையில கால்வாசி போயிடுச்சு. தங்கமணிக்கு இன்னைக்கு வரைக்கும் முழுத் தொகை தெரியாது. ஆனா வித்தியாசம் இருக்கே! அதே டயரைப் பழைய ரிம்ல அளந்தப்ப 26.5 மில்லிமீட்டர்தான் இருந்துச்சு. 28ன்னு எழுதியிருந்தா 28 இருக்கணும்னு கட்டாயமில்லை. புது ரிம்ல மாட்டி அளந்தா 29. பக்கச் சுவர் நேரா நிக்கறதால 60க்கு இறக்கினாலும் வளைவுல நெளியலை.

இங்க ஒரு உண்மையை ஒத்துக்கணும். ரிம் அகலமானதால மட்டும் சொகுசு வந்துடாது. நேரடியா அது கொடுக்கறது கொஞ்சம்தான். குறைஞ்ச காத்துல பயமில்லாம ஓட்டலாம்ங்கிற தைரியத்தைத்தான் ரிம் கொடுக்குது. சொகுசு அந்தக் குறைஞ்ச காத்துலேர்ந்து வருது. அதனால கையில காசு கம்மின்னா முதல்ல காத்து, அடுத்து டயர், கடைசியில ரிம். இதான் என் வரிசை.

"அப்ப குண்டு டயர் போட்ட மலை சைக்கிள் வாங்கிட்டா தீர்ந்துச்சா?"ன்னு கேப்பீங்க. எங்க மூலையில கிடக்கற 25ல ஒரு டஜன் அந்த ரகம்தான். ரெண்டு அங்குல டயர், அதுல கட்டை கட்டையா ரப்பர் முள்ளு, முன்னாடி பேருக்கு ஒரு ஸ்பிரிங். தார் ரோட்டுல அந்த முள்ளு ஒவ்வொண்ணும் கொர்ர்ர்னு அதிரும், ஸ்பிரிங் நம்ம மிதியை விழுங்கும். டயர் துணியும் தடிமன்னா தார்ப்பாய் மாதிரி மடங்கவே மடங்காது. அகலம் மட்டும் இருந்தா பத்தாது. முள்ளு இல்லாத வழுவழு டயர், மெல்லிசா மடங்கற துணி, அதுக்கேத்த காத்து, மூணும் சேரணும்.

இப்ப அப்பா கதை

2019ல அந்தப் பெரிய சைக்கிளை எடைக்குப் போட்ட குற்ற உணர்ச்சியோ என்னவோ, அப்பாவுக்கு ஒரு புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். நேர் ஹேண்டில்பார், அலுமினிய பிரேம், கியர், 700×28 டயர். பழசுல பாதி எடைதான். "ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வரலாம்ப்பா, தூக்க லேசா இருக்கும்"னேன். அப்பாவும் சந்தோஷமா ஓட்டினார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் கடமை தவறாம கீழ இறங்கிப் போய், அதுக்கு 90 பி.எஸ்.ஐ. அடிச்சு வெச்சேன்.

கவனிச்சீங்களா? என் வண்டிக்கு 60. அப்பா வண்டிக்கு 90. ஏன்னா டயர்ல அதிகபட்சம் 100ன்னு போட்டிருந்துச்சு, அப்பாவுக்குப் பஞ்சர் ஆகி நடுரோட்டுல நிக்கக்கூடாதுன்னு ஒரு பாசம். ஊருக்கெல்லாம் காத்தைக் குறைன்னு உபதேசம் பண்ணினவன் நான். அப்பாவோட எடை 62 கிலோ, என்னைவிட 13 கிலோ கம்மி. அவருக்கு இன்னும் கம்மியாத்தான் அடிச்சிருக்கணும்.

நாலு மாசத்துல அப்பா ஓட்டறதை நிறுத்திட்டார். கேட்டா "வெயிலு"ன்னார். மழைக்காலத்துல கேட்டா "முட்டி"ன்னார். அப்புறம் கொரோனா வந்துச்சு, கேக்கறதையே விட்டுட்டேன்.

2021ல ஒரு நாள் மரத்தடி அண்ணன்கிட்ட ஏதோ வேலையா போனேன். பேச்சுவாக்குல சொல்றார்: "அப்பா வந்திருந்தார் சார். பழைய பெரிய வண்டி ஒண்ணு சல்லிசா கெடைக்குமான்னு கேட்டார். புது வண்டில கை மரத்துப் பூடுதாம். உங்ககிட்ட சொல்லாதீங்கன்னார், ஆசையா வாங்கிக் குடுத்தது, மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

எனக்கு அங்கயே நிக்க முடியலை. என் சுண்டுவிரல் மரத்தப்ப நாலு வருஷம் பூனைக்கு விட்டு, ரிம் மாத்தி, வெர்னியர் வெச்சு அளந்து ஆராய்ச்சி பண்ணினேன். அப்பாவுக்கு அதே விரல் மரத்திருக்கு. அவர் முட்டின்னு பொய் சொல்லிட்டு நடந்து போயிட்டிருந்தார், நான் அதை நம்பிட்டிருந்தேன்.

சைக்கிளுக்குக் காத்து டயர் எப்படி வந்துச்சு தெரியுமா? 1888ல பெல்ஃபாஸ்ட்ல டன்லப்ங்கிற கால்நடை டாக்டர், தன் பையனோட மூணு சக்கர சைக்கிள் கல்லு ரோட்டுல தடதடக்கறதைப் பார்த்து, ரப்பர் குழாயில காத்தை அடைச்சு சக்கரத்தைச் சுத்திக் கட்டினார். வேகப் பந்தயம் எல்லாம் அப்புறம் வந்தது. ஒரு அப்பன் பிள்ளையோட உடம்பு குலுங்கக் கூடாதுன்னு செஞ்ச வேலை அது. நான் அதே காத்தைக் கல்லாக்கி எங்க அப்பாவுக்குக் கொடுத்திருக்கேன்.

நல்ல வேளை, அப்பா வண்டி ரிம் உள் அகலம் 17. பிரேக்கும் அகலமா திறக்கற ரகம். 40 மில்லிமீட்டர் வழுவழு டயர் வாங்கிப் போட்டு, முன்னாடி 40, பின்னாடி 45 பி.எஸ்.ஐ. வெச்சேன். மட்கார்டு இடிச்சது, கழட்டிட்டேன். அப்பா ஒரு சுத்து சுத்திட்டு வந்தார். நான் ஆர்வமா முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கறேன்.

"மட்கார்டு எங்கடா? மட்கார்டு இல்லாத வண்டியை மனுஷன் ஓட்டுவானா? வேட்டியெல்லாம் சேறாகும்."

அவ்வளவுதான் பாராட்டு! மரத்தடி அண்ணன்தான் எங்கேர்ந்தோ அகல மட்கார்டு தேடிப் பிடிச்சு, பட்டையை வளைச்சு மாட்டிக் கொடுத்தார். மறுநாள் காலைல ஆறு மணிக்கு சைக்கிள் மூலையில இல்லை. அப்பாவும் வீட்டுல இல்லை.

இன்னைக்கும் தினமும் ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வர்றார். ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் நான் விடறதில்லை, எந்த டயரும் அந்த லாரிகளுக்குப் பதில் சொல்லாது. டயர் மாத்தினா ஊர்ல எல்லாரும் சைக்கிளுக்குத் திரும்பிடுவாங்கன்னு நான் சொல்லலை. ஆனா ஒருத்தர் திரும்பினார்.

முடிவா என்ன சொல்ல வரேன்னா

1. வீட்டுல தூங்கற சைக்கிளை விக்கறதுக்கு முன்னாடி, டயர் பக்கவாட்டுல என்ன நம்பர்னு பாருங்க. 23, 25ன்னு இருந்தா, பிரேக்கும் ஃபோர்க்கும் எவ்வளவு இடம் விடுதோ அவ்வளவு அகலத்துக்குப் போங்க. நம்ம ரோட்டுக்கு 32க்குக் கீழ வாங்காதீங்கங்கிறது என் கட்சி.

2. டயர்ல போட்டிருக்கறது அதிகபட்ச அழுத்தம். அது வரைக்கும் அடிச்சே ஆகணும்னு யாரும் சொல்லலை. வாரத்துக்கு அஞ்சு பி.எஸ்.ஐ. குறைச்சுப் பாருங்க. பள்ளத்துல ரிம் தட்டினாலோ, வளைவுல நெளிஞ்சாலோ அஞ்சு ஏத்திக்குங்க. அதான் உங்க அளவு. முன் டயருக்கு எப்பவும் பின்னைவிடக் கொஞ்சம் கம்மி.

3. ஒல்லி ரிம்ல குண்டு டயர் போட்டுட்டு வளைவுல ஹீரோத்தனம் வேண்டாம். திருக்கழுக்குன்றம் கழுகு மேல சத்தியம்.

4. பெரியவங்களுக்கோ பசங்களுக்கோ சைக்கிள் வாங்கினா, உங்க எடைக்கு அடிக்கற காத்தை அவங்களுக்கு அடிக்காதீங்க. அவங்க வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, ஓட்டறதை நிறுத்திடுவாங்க. நாம அதுக்கு சோம்பேறித்தனம்னு பேர் வெச்சுடுவோம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த 25 சைக்கிளுக்கும் நானே போய் காத்து அடிக்கப் போறேன். செயலாளர்கிட்ட சொல்லிட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். கம்மியாத்தான் அடிப்பேன். எத்தனை வண்டி மூலையை விட்டு வெளிய வருதுன்னு பார்ப்போம். பூனை வேற இடம் தேடிக்கட்டும்.

நீங்க எத்தனை மில்லிமீட்டர், எத்தனை பி.எஸ்.ஐ.? சொல்லிட்டுப் போங்க மக்கா.

டிஸ்கி: கை மரத்துப் போறதுக்கு டயர் மட்டுமே காரணம் இல்லை. சீட்டு உயரம், ஹேண்டில்பார் தூரம் எல்லாம் சேரும். டயரைச் சரி பண்ணியும் விரல் மரத்துக்கிட்டே இருந்தா டாக்டரைப் பாருங்க, என்னைத் திட்டாதீங்க. ரிம் செலவு பத்தி தங்கமணிகிட்ட யாரும் போட்டுக் கொடுக்காதீங்க.